காத்திருக்கும் நாற்று: ஒற்றை நாற்று நடவும் உழவர் மறுப்பும்

1. கேள்வி

ஏக்கருக்கு 25, 30 கிலோ விதைநெல் போடுகிற இடத்தில் 2, 3 கிலோ போதும். தண்ணீர் குறையும். மகசூல் கூடும். புதிய ரக விதையோ கூடுதல் உரமோ வாங்க வேண்டியதில்லை. இப்படியொரு யோசனையை எவர் வேண்டாம் என்பார்?

ஊர்வழக்கில் ஒற்றை நாற்று நடவு என்றும், அரசு வழக்கில் செம்மை நெல் சாகுபடி, திருந்திய நெல் சாகுபடி என்றும் அறியப்படும் முறை தமிழ்நாட்டுக்கு வந்து 20 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைச் சோதித்துப் பார்த்தது. வேளாண் துறை பரப்பியது. உலக வங்கிக் கடனுதவியோடு 2007இல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம் அதைக் கையிலெடுத்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்த 2010இல் 'ராஜராஜன் 1000' என்று பெயரும் சூட்டியாயிற்று. இவ்வளவு முட்டுக் கொடுத்தும், முறையை முழுசாகக் கடைப்பிடித்தவர்கள் சிறுபான்மையினராகவே இருந்தார்கள். செய்து பார்த்தவர்களிலும் பலர் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டார்கள்.

இதற்கு ஆயத்தமாக ஒரு விடை உண்டு: உழவர் பழகிய தடத்தை விட்டு இறங்கமாட்டார், புதியது என்றால் அச்சம், விழிப்புணர்வு போதவில்லை. பயிற்சிக் கூட்ட மேடைகளில் இந்த விடை அலுக்காமல் சொல்லப்படுகிறது. அது போதாது என்பதோடு, பார்க்க வேண்டிய இடத்தை மறைத்தும் விடுகிறது என்பது என் கருத்து. ஒரு யோசனை நடைமுறைக்கு வர எத்தனை பேருடைய இசைவு வேண்டும், அது தவறினால் இழப்பு யார் தலையில் விழும் என்ற இரண்டையும் கேட்டுவிட்டு, பிறகு மனத்தைப் பற்றிப் பேசலாம்.

2. வயலில் மாறுவது என்ன

முறையின் பிறப்பு தற்செயலானது. பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ஆன்றி தெ லொலானியே 1961இல் மடகாஸ்கருக்குச் சென்று, அங்குள்ள நெல் உழவர்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர். 1983ஆம் ஆண்டுப் பருவத்தில் மழை தப்பியது. 15 நாளே ஆன நாற்றை நட வேண்டிய நெருக்கடி வந்தது. செத்துவிடும் என்று எண்ணிய பயிர் எதிர்பாராத அளவுக்குத் தூர் கட்டியது. அதிலிருந்து அவர் திரட்டிய நடைமுறைகளை 1990இல் உருவான தேஃபி சைனா என்ற அமைப்பு பரப்பியது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் அப்ஹாஃப் 1990களில் இதை மடகாஸ்கருக்கு வெளியே கொண்டுவந்தார்.

முறை எளிதாகத்தான் தோன்றும். வழக்கமாகக் குறுவைக்கு 20, 25 நாளும் சம்பாவுக்கு 30, 35 நாளும் வளர்ந்த நாற்றைப் பறித்து, முடி கட்டி, குத்துக்கு 3, 4 நாற்றாக நடுவார்கள். இங்கே 8 முதல் 14 நாளுக்குள், இரண்டு இலை விட்ட நாற்று. அதைப் பறிப்பதில்லை, நாற்றங்கால் மண்ணோடு பெயர்த்து, வேர் காய்வதற்குள் நட்டுவிட வேண்டும். வரிசைக்கு வரிசை, குத்துக்குக் குத்து 25 சென்டிமீட்டர். வயலைச் சேறடித்து, பரம்படித்து, தண்ணீரை வடித்துவிட்டு, மார்க்கரை உருட்டிக் கட்டம் போடுவார்கள். கோடுகள் வெட்டும் இடத்தில் ஒற்றை நாற்று. ஒரு சதுர மீட்டரில் 16 குத்து. 20-க்கு 10 சென்டிமீட்டர் என்ற கணக்கில் நெருக்கி நட்டால் அதே இடத்தில் 50 குத்து நிற்கும். பிறகு தண்ணீரைத் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்ட வேண்டும். கோனோவீடர் போன்ற உருளைக் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்கும் தள்ளிக் களையைச் சேற்றிலேயே அமிழ்த்த வேண்டும்.

நட்ட மறுநாள் வரப்பில் நிற்பவர் கண்ணுக்கு அந்த வயலில் பயிர் இருப்பதே தெரியாது. அண்டை வயல் பச்சை பிடித்து நிற்கும். இது இரண்டு, மூன்று வாரத்துக்குத் தரிசு போலக் கிடக்கும். நாற்றங்காலில் பூச்சி விழுந்ததா, விதைநெல் வாங்கக் காசில்லையா என்று போகிறவர் வருகிறவர் கேட்பார்கள். தூர் வெடித்துக் குத்து விரியும்போது கேட்டவர்கள் வாயடைப்பார்கள். ஆனால் அதற்கு ஒரு மாதம் பொறுக்க வேண்டும். பலன் கண்ணுக்குத் தெரிந்தால் புதுமை பரவும் என்பது பரவல் ஆய்வின் பாலபாடம். இந்த முறையில் முதலில் கண்ணுக்குத் தெரிவது பலனுக்கு நேர்மாறான ஒன்று.

புதுமை என்ற சொல்லையும் இங்கே சற்று எச்சரிக்கையோடு கையாள வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்துகளிலேயே சென்னை மாகாண வேளாண் துறை, விதையைச் சிக்கனப்படுத்த ஒற்றை நாற்றாக நடும்படி தஞ்சைப் பகுதியில் பரப்புரை செய்திருக்கிறது. 1953இல் நாடெங்கும் ஜப்பானிய முறை நெல் சாகுபடி இயக்கமாகத் தொடங்கப்பட்டு, கயிறு பிடித்து வரிசை நடவு செய்யச் சொன்னார்கள். அந்த வரிசைகளும் நிலைக்கவில்லை. ஆகவே காவிரிப் படுகை உழவர் முன்பின் அறியாத ஒன்றைக் கண்டு மிரண்டார் என்பது பொருந்தாது. ஏறக்குறைய ஒரே யோசனையை, நூறாண்டுக்குள் மூன்று பெயர்களில், மூன்று அரசுகள் சொல்ல அவர் கேட்டிருக்கிறார்.

3. 'பின்தங்கியவர்' என்ற முத்திரை

புதுமைப் பரவலைப் பற்றிய நவீன ஆய்வு ஒரு தானியத்திலிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவியதை ஆராய்ந்து, பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 1943இல் கட்டுரை வெளியிட்டனர். இரண்டு ஊர்களைச் சேர்ந்த 259 உழவர்களில் இருவர் நீங்கலாக எல்லோரும் 1941க்குள் அந்த விதைக்கு மாறியிருந்தார்கள். கேள்விப்பட்டதற்கும் மாறியதற்கும் இடையில் பல ஆண்டுகள் கழிந்திருந்தன. அண்டை வயலைப் பார்த்தும் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டும்தான் பெரும்பாலோர் முடிவெடுத்தார்கள். இந்தப் புள்ளிகளை ஒரு வளைகோடாக்கி, 1962இல் எவரெட் ராஜர்ஸ் எழுதிய நூல் முன்னோடிகள், முந்தி ஏற்போர், பெரும்பான்மையினர், கடைசியில் பின்தங்குவோர் என்று மனிதர்களை வரிசைப்படுத்தியது. மேலாண்மைப் பாடம் முதல் வேளாண் விரிவாக்கப் பாடம் வரை அந்த வரிசை இன்றும் செல்லுபடியாகிறது.

அயோவாவில் வளர்ந்த ராஜர்ஸின் சொந்தத் தந்தையே அந்த விதையை ஏற்கத் தயங்கியவர். 1936 வறட்சியில் ஒட்டு மக்காச்சோளம் தாக்குப்பிடித்ததைக் கண்ட பிறகே மாறினார். தம் துறையின் ஓட்டைகளை ராஜர்ஸே பிற்காலப் பதிப்புகளில் ஒப்புக்கொண்டதையும் சொல்ல வேண்டும். புதுமை எல்லோருக்கும் நல்லதே என்று முன்கூட்டி எடுத்துக்கொள்வது ஒன்று; ஏற்காதபோது பழியைத் தனிமனிதர் மேல் போடுவது இன்னொன்று. இந்த ஒப்புதல் பாடப்புத்தகங்களின் பின்பக்கங்களில் தங்கிவிட்டது. 'பின்தங்கியவர்' என்ற முத்திரை மட்டும் அலுவலகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

பொருளியலாளர் வேறு கோணத்தில் பார்த்தனர். ட்சுவி கிரிலிகஸ் 1957இல் அதே மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டு, எங்கே லாபம் கூடுதலோ, எங்கே அந்த மண்ணுக்கேற்ற விதை முதலில் கிடைத்ததோ அங்கே வேகமாகப் பரவியது என்று காட்டினார். இந்திய ஊர்களில் ஆய்வு செய்த மைக்கேல் லிப்டன் 1968இல் வைத்த வாதம் நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. ஏழை உழவர் சராசரி லாபத்தைக் கணக்கிடுவதில்லை. மோசமான ஆண்டில் குடும்பம் பிழைக்குமா என்று கணக்கிடுகிறார். சராசரியில் தோற்கும் பழைய முறை, மோசமான ஆண்டில் ஜெயிக்கக்கூடும். ஒற்றை நாற்று விஷயத்தில் இந்த வாதம் எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது என்பதை 5ஆம் பகுதியில் பார்க்கலாம். அதற்கு முன், உழவரைவிடக் கடுமையாக இந்த முறையை எதிர்த்த ஒரு தரப்பைக் கடந்தாக வேண்டும்.

4. விஞ்ஞானிகளின் மறுப்பு

மடகாஸ்கரில் ஹெக்டேருக்கு 2 டன் விளைந்த நிலத்தில் 8 டன் விளைந்தது என்ற செய்தியோடு நின்றிருந்தால் சண்டை இவ்வளவு முற்றியிராது. 15 டன், 20 டன் என்ற கணக்குகளும் வந்தன. ஒரு பருவத்தில் விழும் சூரிய ஒளியைக் கொண்டு நெற்பயிர் எட்டக்கூடிய உச்சத்துக்கு ஒரு கோட்பாட்டு வரம்பு உண்டு; இவை அதைத் தாண்டின. 2004இல் ஜான் ஷீஹியும் உடன் ஆய்வாளர்களும் சீனாவில் மூன்று இடங்களில் சோதித்து, இந்த முறைக்குத் தனியான மேன்மை எதுவும் இல்லை என்று எழுதினர். அதே ஆண்டு சின்கிளேர், காஸ்மன் இருவரும் இதைப் பறக்கும் தட்டுக் கதைகளோடு வைத்துத் தலைப்பிட்டனர். 2006இல் வெளிவந்த மெக்டொனால்டு, ஹாப்ஸ், ரிஹா ஆகியோரின் தொகுப்பாய்வு, மடகாஸ்கருக்கு வெளியே எடுத்த சோதனைகளில் பரிந்துரைக்கப்பட்ட சிறந்த சாகுபடி முறையைவிட இது மேலானதாக இல்லை என்றது.

ஆதரவாளர் தரப்பின் பதில் புறந்தள்ளக்கூடியதல்ல. ஆய்வுப் பண்ணையில் உரம், களை, நீர் எல்லாம் கச்சிதமாகக் கவனிக்கப்பட்ட வயலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சுருங்கத்தான் செய்யும். உழவர் உண்மையில் சாகுபடி செய்யும் வயலோடு ஒப்பிட வேண்டாமா என்று கேட்டார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் 2003-04இல் 100 உழவர் வயல்களில் நடந்த சோதனை அப்படிப்பட்டது. பக்கத்துப் பக்கத்துத் துண்டில் இரண்டு முறையும் செய்து பார்த்தார்கள். ஒற்றை நாற்றில் ஹெக்டேருக்குச் சராசரி 7.2 டன், வழக்கமான நடவில் 5.7 டன் அளவு. ஒன்றரை டன் என்பது அதிசயமில்லை. ஆனால் ஓர் உழவர் வீட்டு வருமானத்தில் அது பெரிய தொகை.

என் மதிப்பீட்டில் இரு தரப்பும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தன. பயிரின் உச்ச விளைச்சலை இந்த முறை மாற்றுகிறதா என்ற கேள்விக்குச் சான்று போதாது. சராசரி உழவரின் வயலை அந்த உச்சத்துக்குச் சற்று அருகே கொண்டுபோகிறதா என்றால், கொண்டுபோகிறது. 20 டன் என்று முழங்கியவர்கள், ஒன்றரை டன்னுக்கு இருந்த நல்ல சாட்சியத்தையும் சேர்த்துச் சந்தேகத்துக்குள் தள்ளினார்கள். பிறகும் அவர்கள் அடங்கவில்லை. 2011இல் பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் ஹெக்டேருக்கு 22.4 டன் என்ற செய்தி வந்தது. ஒட்டு நெல்லின் தந்தை எனப்படும் சீன விஞ்ஞானி யுவான் லாங்பிங் அதை நம்பவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். தம் யோசனைக்குப் புதுமையாளரே உண்டாக்கிவைக்கும் எதிர்ப்பு இது. பரப்புரைக் கையேடுகளில் இதற்கு ஒரு பக்கமும் ஒதுக்கப்படுவதில்லை.

5. நாற்றின் வயது

இனி காவிரிப் படுகைக்கு வருவோம். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட வேண்டும் என்பது மரபு. மரபு மட்டுமே. அணையின் நீர்மட்டமும் கர்நாடகத்தின் திறப்பும் ஒத்துழைக்காத ஆண்டுகளில் அது ஜூலைக்கோ ஆகஸ்டுக்கோ தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் கல்லணை கடந்து, கிளையாறுகளில் பிரிந்து, வாய்க்காலில் இறங்கிக் கடைமடை சேர எத்தனை நாளாகும் என்பது எவருக்கும் உறுதியாகத் தெரியாது. முறை வைத்துத் தண்ணீர் விட்டால் இன்னும் சில நாள். சேற்றுழவுக்கு டிராக்டர் கிடைப்பதும் நடவுக்கு ஆள் கிடைப்பதும் ஊர் முழுக்க ஒரே வாரத்தில் நெருக்கியடிக்கும்.

இந்த நிலையில் நாற்றங்காலில் நிற்கும் 25 நாள் நாற்று என்ன செய்கிறது? காத்திருக்கிறது. 25 நாள் 30 ஆனாலும், சில ரகங்களில் 35 ஆனாலும், மகசூல் சற்றுக் குறையுமே தவிர நடவு நின்றுபோகாது. ஒற்றை நாற்றுக்குத் தேர்ந்த 12 நாள் நாற்றுக்கு அந்தப் பொறுமை கிடையாது. 14 நாளைத் தாண்டித் தூர் விடத் தொடங்கிவிட்டால் அந்த முறைக்குச் சொல்லப்பட்ட ஆதாயமே போய்விடும். பாய் நாற்றங்காலில் மண் கனம் குறைவு. தண்ணீரும் தாமதமானால் நாற்று மஞ்சளித்துவிடும். முற்றிய நாற்று, நிச்சயமில்லாத தண்ணீருக்கு எதிராக உழவர் எடுத்துவைத்திருக்கும் காப்பீடு. அதற்குக் கட்டும் பிரீமியம்தான் அந்த 25 கிலோ விதைநெல்லும் சற்றே குறைந்த மகசூலும். பிரீமியத்தை மிச்சப்படுத்தச் சொன்னவர்கள் காப்பீடும் சேர்ந்து போகும் என்று சொல்லவில்லை. உழவர் அதைத் தாமே கண்டுகொண்டார்.

சம்பாவில் கதை வேறு. செப்டம்பர், அக்டோபரில் நட்ட பயிர் வேர் பிடிப்பதற்குள் வடகிழக்குப் பருவமழை இறங்கும். நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கத்துத் தாழ்ந்த வயல்களில் நாலு நாள் தண்ணீர் நின்றால் விரல் நீளப் பயிர் மூழ்கி அழுகும். முழம் வளர்ந்த நாற்று தலையை வெளியே வைத்துத் தப்பும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது சொல்ல எளிது. தண்ணீர் வயலுக்கு வயல் வழிந்து பாயும் இடத்தில் என் வயலைக் காயவைக்க வேண்டுமானால் மேல் வயல்காரர் மடையை அடைக்க வேண்டும், கீழ் வயல்காரர் என் வடிநீரை ஏற்க வேண்டும். ஃபில்டர் பாயிண்ட் எனும் ஆழமில்லாத குழாய்க்கிணறு போட்டுத் தன் மோட்டாரில் இறைப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்த முறை அவருக்கே எளிதில் கைகூடும். ஆனால் விவசாய மின்சாரம் இலவசமாக இருக்கும் மாநிலத்தில் தண்ணீரை மிச்சம் பிடித்து அவர் காணப்போவது என்ன? மிச்சப்படும் நீர் அரசுக்கும் அடுத்த தலைமுறைக்கும் லாபம். கவனித்துக் கட்டும் வேலை மட்டும் அவருடையது.

இதோடு ஆடுதுறை 27ஐ ஒப்பிடலாம். 1960களின் நடுவில் வந்த அந்தக் குறுகிய கால நெல், தஞ்சை மாவட்டக் குறுவைப் பரப்பில் சில ஆண்டுகளுக்குள் பரவிவிட்டது. அதே உழவர்கள், அதே மனம். விதை ஒரு மூட்டையில் வந்தது. வாங்குவதா வேண்டாமா என்பதை நிலக்காரர் ஒருவரே முடிவு செய்தார். நாற்றங்கால், பறிப்பு, நடவு, களை எல்லாம் முன்புபோலவே நடந்தன. ஒற்றை நாற்றுக்கோ மடை காப்பவர், மேல் வயல்காரர், கீழ் வயல்காரர், நாற்று பெயர்ப்பவர், நடுபவர், கருவி தள்ளுபவர் எல்லோரும் ஒரே வாரத்தில் சரி சொல்ல வேண்டும். நிலக்காரர் ஆர்வத்தோடு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தாலும் மற்றவர்கள் சொல்லும் 'முடியாது' அவர் பெயரில்தான் பதிவாகும்.

6. நடவாட்கள்

எதிர்ப்புகளிலேயே மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்டது நடவுப் பெண்களின் எதிர்ப்பு. தமிழ்நாட்டில் இம்முறையின் வரவேற்பை ஆராய்ந்த செந்தில்குமார், பிந்த்ராபன், தியாகராஜன் உள்ளிட்டோரின் 2008ஆம் ஆண்டுக் கட்டுரை, மகசூல் கூடியதையும் உழவர் ஏற்காததையும் தலைப்பிலேயே சேர்த்து வைத்தது. தியாகராஜன் இந்த முறையைத் தமிழ்நாட்டில் சோதித்துப் பரப்பியவர்களுள் முன்னணியில் இருந்தவர் என்பதால் அந்த நேர்மைக்குக் கூடுதல் மதிப்பு. கட்டுரை சுட்டிய காரணங்களில் முக்கியமானவை: விவசாயத் தொழிலாளர் தம் வேலைமுறையை மாற்ற விரும்பாதது, புதுவகை நாற்றங்காலின் சிரமம், குறைந்த கூலிக்குக் கைக்களை எடுக்கும் பெண்களுக்குப் பதிலாகக் கூடுதல் கூலிக்கு ஆண்களை வைத்துக் கருவி தள்ள வேண்டியிருப்பது.

'விரும்பாதது' என்ற இடத்தில் நின்று பார்ப்போம். நடவு பல ஊர்களில் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி எடுக்கும் குத்தகை. குழு எவ்வளவு விரைவாக முடிக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த வயலுக்குப் போகலாம். இடக்கையில் நாற்று முடி, வலக்கை விரல்கள் பார்க்காமலே 3, 4 நாற்றைப் பிரித்துச் சேற்றில் செருகும். பின்னுக்கு நகரும் கால் ஓர் இடைவெளியைத் தானே அறியும். ஆண்டுக்கணக்கில் உடம்பில் ஏறிய வேகம் அது. ஒற்றை நாற்றில் அந்த வேகம் உதவாது. மண்ணோடு ஒட்டிய பூஞ்சை நாற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும், கோடு வெட்டும் புள்ளியைக் கண்ணால் தேட வேண்டும், அழுத்தாமல் மேலாக வைக்க வேண்டும். குத்தகைக் கூலி என்றால் முதல் பருவத்தில் அவர்களுக்கு நட்டம். நாள் கூலி என்றால் நிலக்காரருக்கு நட்டம். கைபழகினால் வேகம் வரும் என்பது மெய்தான். பழகும் வரையிலான செலவு யாருடையது என்று எந்தப் பரப்புரையும் முதலில் பேசவில்லை.

களையெடுப்பு இன்னும் கூர்மையான கேள்வி. கைக்களை பெண்களுக்குப் பருவத்தில் பல நாள் கூலி தரும் வேலை. கருவி வந்தால் அது ஆண்கள் வேலையாக மாறுகிறது, நாட்களும் குறைகின்றன. ஆக, விதை மிச்சம் நிலக்காரருக்கு. நீர் மிச்சம் அரசுக்கு. வேலை இழப்பு களையெடுப்பவருக்கு. அவர்களிடம் போய் 'ஏன் எதிர்க்கிறீர்கள்' என்று கேட்பதே ஒருவகைப் பாசாங்கு.

மடகாஸ்கரிலும் இதற்கு இணை உண்டு. கிறிஸ்டின் மோசர், கிறிஸ்டோபர் பாரெட் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து ஊர்களில் இந்த முறையைச் செய்து பார்த்தவர்களில் சுமார் 40 சதவீதத்தினர் கைவிட்டிருந்தனர். மிக ஏழைகளுக்கு நடவுக் காலமே பசிக்காலம். அன்றைய சோற்றுக்குப் பிறர் வயலில் கூலிக்குப் போக வேண்டியவரால், நான்கு மாதம் கழித்து வரும் கூடுதல் நெல்லுக்காகத் தம் வயலில் கூடுதல் உழைப்பைப் போட முடியவில்லை. ஏழைகளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட முறை அது.

எளிதாக நுழைந்த ஆடுதுறை 27 விதை எதிர்ப்பே இல்லாமல் போயிற்று என்றும் எண்ண வேண்டாம். விளைச்சல் கூடியபோது கூலியும் கூட வேண்டும் என்ற கோரிக்கை கீழத்தஞ்சையில் வலுத்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்கு வேர்கள் நிலவுடைமையிலும் சாதியிலும் ஆழமாக உண்டு. ஒரு நெல் ரகத்தின் தலையில் அதைக் கட்டுவது பிழை. ஆனால் தொழிலாளரின் இசைவைக் கேட்காமல் பரவ முடிந்த புதுமை, பங்கீட்டுத் தகராறைப் பின்னால் தள்ளிவைத்ததே ஒழியத் தீர்க்கவில்லை என்று சொல்லலாம்.

7. புதுமையாளர் முன் உள்ள வழிகள்

ஆய்வாளர் பழனிசாமி தலைமையில் 13 மாநிலங்களில் நடந்த ஆய்வு 2013இல் எகனாமிக் அண்டு பொலிட்டிக்கல் வீக்லியில் வெளிவந்தது. இம்முறையைக் கடைப்பிடிப்பதாகச் சொன்ன உழவர்களில் 41 சதவீதத்தினர் நான்கு முக்கியக் கூறுகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தனர். 39 சதவீதத்தினர் இரண்டு, மூன்றை. எல்லாவற்றையும் கடைப்பிடித்தவர் 20 சதவீதம். முழுமையாகச் செய்தவர்களுக்கு மகசூல் உயர்வு 31 சதவீதம், அதுவே உச்சம். ஆனால் பகுதியாகச் செய்தவர்களுக்கும் வழக்கமான முறையைவிடக் கூடுதலே கிடைத்தது.

இந்த எண்களை இரண்டு விதமாக வாசிக்கலாம். 80 சதவீதம் பேர் அரைகுறை என்று வருத்தப்படுவது ஒன்று. அந்த 80 சதவீதத்தினர் தம் நீர், ஆள், மண் மூன்றுக்கும் ஏற்றபடி முறையைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது வாசிப்பே எனக்குச் சரியாகப் படுகிறது. தொகுப்பாக விழுங்கச் சொல்லும் புதுமையாளர், எந்தக் கூறு எந்த ஊரில் கழிக்கப்பட்டது என்ற தகவலை வீணடிக்கிறார். கடைமடையில் இளநாற்று கழிக்கப்பட்டு வரிசை நடவு தங்கினால், அது அந்த வாய்க்காலைப் பற்றிய செய்தி.

அதற்குப் பதிலும் அந்த வாய்க்காலுக்குள்தான் கிடைக்கும். ஏக்கருக்கு 3 கிலோ விதை என்பதால், ஒரு வாரம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு தவணை நாற்றங்கால் விட்டாலும் 6 கிலோதான். தண்ணீர் தாமதமானால் முதல் தவணையை மண்ணில் மடக்கிவிட்டு இரண்டாவதை நடலாம். இழந்த காப்பீட்டை இப்படி மலிவாகத் திருப்பித் தர முடியும். நடவுக் குழு கைபழகும் வரை, ஏக்கர்க் கூலிக்கு மேல் ஒரு தொகையை, உழவரிடமிருந்து அல்லாமல் திட்டத்திலிருந்தே குழுவின் கையில் கொடுக்கலாம். மார்க்கருக்கும் களைக்கருவிக்கும் மானியம் தர முடிந்த அரசுக்கு இது ஆகாத காரியமில்லை. பெண்கள் தள்ளக்கூடிய எடையில் கருவி செய்து, அந்த வேலையை அவர்கள் கையிலேயே நல்ல கூலிக்கு விடுவது இன்னொரு வழி. வலியுறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பயிற்சிக்கு அழைக்கப்படுவோர் பட்டியலில் நிலப் பட்டா இருப்பவர் பெயர்தான் இருக்கும். வயலில் அந்த யோசனையைக் கையால் செய்பவர் அதில் இல்லை.

தாமிரபரணிச் சோதனையில் பாடமாகக் கொள்ளத்தக்கது அதன் எண்களைவிட அதன் அமைப்பு. ஒரே உழவர், ஒரே பருவம், ஒரே வாய்க்கால், பக்கத்துப் பக்கத்துத் துண்டு. சந்தேகப்படுபவர் சந்தேகத்தைக் கைவிட வேண்டியதில்லை. பாதி வயலைப் பணயம் வைத்தால் போதும். ஆனால் 100 உழவரோடு இப்படி நடக்கிற வேலையை இத்தனை லட்சம் ஏக்கர் என்ற இலக்காக மாற்றும்போது முதலில் உதிர்வது இந்த அமைப்புதான்.

8. பெயரில்லாமல் வந்த ஒற்றை நாற்று

இன்று படுகையில் நடவு இயந்திரங்கள் ஓடுகின்றன. அவற்றுக்கு 15 நாள் சுமாரில் வளர்ந்த பாய் நாற்று வேண்டும். முற்றிய நாற்று இயந்திரத்தின் விரல்களுக்கு ஆகாது. வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், சில வகைகளில் 24 அளவு. குத்துக்கு விழுவது சில நாற்றுகளே. ஒற்றை நாற்று நடவின் பாதிக் கூறுகள், ராஜராஜன் பெயரோ பயிற்சி முகாமோ இல்லாமல், வாடகை இயந்திரத்தின் வழியாக உள்ளே வந்துவிட்டன. நாற்றுத் தட்டு வளர்த்து விற்பதே சில ஊர்களில் தனித் தொழிலாகியிருக்கிறது. அதனால் நாற்றுக்கும் தண்ணீருக்கும் நாள் பொருந்தவில்லையே என்ற கவலையின் ஒரு பகுதி உழவரிடமிருந்து நாற்று விற்பவரிடம் போய்விட்டது.

இதைப் பார்த்து, உழவர் கடைசியில் புதுமையை ஏற்றுக்கொண்டார் என்று சிலர் எழுதுகிறார்கள். நடந்தது அதுவல்ல. இளநாற்றுக்கு இசைவு தர வேண்டியிருந்தவர்களில் நடவுப் பெண்களின் இசைவு தேவையற்றதாக்கப்பட்டிருக்கிறது. கூலி உயர்வும், நூறு நாள் வேலையும், ஆள் பற்றாக்குறையும் நிலக்காரரை இயந்திரத்தின் பக்கம் தள்ளின என்பது ஒரு தரப்பு வாதம். இயந்திரம் வந்ததால் நடவு நாட்கள் போயின என்பது மறுதரப்பு. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துச் சென்றிருக்கக்கூடும். எது முந்தியது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். ஆனால் 2008ஆம் ஆண்டுக் கட்டுரை குறித்துவைத்த தொழிலாளர் தயக்கம் யாரும் பதில் சொல்லாமலே முடிவுக்கு வந்திருக்கிறது. மடை காப்பவரும் மேல் வயல்காரரும் கீழ் வயல்காரரும் இன்னும் அதே இடத்தில் இருக்கிறார்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் அதனால்தான் இன்றும் மோட்டார் வைத்திருப்பவர் வயலைத் தாண்டி அதிகம் போகவில்லை.